ஆயில் சம்புக்கு என்ன பூச்சு?

இந்தத் தடவை கறுப்பு கிடையாது என்று சவரிராயன் தீர்மானித்துவிட்டார். ஊரிலுள்ள மற்ற லாரிகள் எப்படியோ போகட்டும். அவருடைய லாரிக்கு நிக்கல் முலாம்தான்.

லாரி முழுக்க அல்ல. அவ்வளவு பெரிய பைத்தியம் அவருக்கு இல்லை. என்ஜினுக்கு அடியில் எண்ணெய் தங்குவதற்கென்று ஒரு இரும்புத் தொட்டி உண்டு. பட்டறைக்காரர்கள் அதை ஆயில் சம்ப் என்பார்கள். பச்சைக் குழந்தையை அதில் உட்கார வைத்துக் குளிப்பாட்டலாம். லாரியில் யார் கண்ணிலும் படாத இடம் ஒன்று உண்டென்றால் அது அதுதான். அந்த இடத்துக்குத்தான் பளபளவென்று நிக்கல் பூச வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார்.

பழைய சம்ப் குணசீலத்துக்கு இந்தப் பக்கம் உடைந்தது. தொட்டியத்தில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு காந்தி மார்க்கெட் மண்டிக்கு வந்துகொண்டிருந்தார். சாலை நடுவில் ஒரு கருங்கல் கிடந்தது. லாரி அதைத் தாண்டிவிடும் என்று சவரிராயன் நினைத்தார். லாரியும் அப்படித்தான் நினைத்தது. கல் மட்டும் வேறு மாதிரி நினைத்திருந்தது. டங்கென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்ப்பதற்குள் எண்ணெய் முழுக்க தார்ச்சாலைக்குத் தைலக்காப்பாகிவிட்டது. வாழைத்தார் வேறு வண்டி ஏறி மண்டிக்குப் போனது. லாரி இன்னொரு லாரியின் வாலைப் பிடித்துக்கொண்டு, கொள்ளிடம் பாலம் தாண்டி, திருவானைக்கோவிலில் இருக்கும் அழகிரியின் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தது. சவரிராயன் பாலக்கரையில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்து, மனைவியிடம் துக்கச் செய்தியைச் சொன்னார்.

"சம்ப் போயிடுச்சு, டோரதி."

டோரதி தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எந்தச் சம்பா? நேத்துத்தானே புடைச்சு வெச்சேன். எலியா?"

அரிசி இல்லை, ஆயில் சம்ப் என்று அவர் விளக்கினார். டோரதி "ஓ" என்றாள். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அத்துடன் பேச்சு முடிந்தது.

அந்த வீட்டில் பேச்சு அப்படித்தான் முடியும். சண்டையெல்லாம் கிடையாது. சண்டை போடுவதற்காவது ஏதாவது பேச வேண்டுமே. கல்யாணமான நாளிலிருந்து சவரிராயன் ரோட்டிலேயே இருந்தவர். முதலில் யார் யாருக்கோ லாரி ஓட்டினார். யுத்தம் முடிந்து பட்டாளத்தார் பழைய லாரிகளை ஏலம் விட்டபோது ஒன்றை எடுத்துச் சொந்தமாக ஓட்டினார். அவருடைய இல்லற வாழ்க்கை மொத்தமும் இரண்டே வாக்கியம். அவர் சொல்வது, "போயிட்டு வரேன்." டோரதி சொல்வது, "வாங்க." நடுவில் இருந்த பேச்சையெல்லாம் மகள் லூர்து பேசிக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் அம்மாவைப் பற்றி, அம்மாவிடம் அப்பாவைப் பற்றி, இருவரிடமும் பக்கத்து வீட்டைப் பற்றி. அவளைக் கல்யாணம் செய்து பம்பாய்ப் பக்கம் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு அனுப்பி வைத்தார்கள். கூடவே வீட்டிலிருந்த பேச்சும் ரயிலேறிவிட்டது. மிச்சமிருந்தது தையல் மிஷின் சத்தம்தான். கான்வென்ட் பிள்ளைகளின் யூனிபாரத்தை டோரதி தைத்துக்கொண்டே இருப்பாள். அவர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து, ஏதாவது சொல்லலாமா என்று யோசிப்பார். என்ன சொல்வது என்று தெரியாது. எழுந்துபோய் லாரியைத் துடைப்பார்.

இப்போது துடைக்க லாரியும் இல்லை.

மறுநாள் பட்டறைக்குப் போனார். அழகிரி எங்கேயோ தேடிப்பிடித்து, அதே மாதிரி லாரியிலிருந்து கழற்றிய ஒரு சம்ப் வாங்கி வைத்திருந்தான். துருவைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மொட்டையாக, சாம்பல் நிறத்தில் தரையில் கிடந்தது.

"கறுப்புப் பெயிண்ட் அடிச்சு மாட்டிடலாம்ணே. ரெண்டு பூச்சு. காய்ஞ்ச உடனே வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிடலாம்" என்றான் அழகிரி.

அந்த நிமிஷத்தில்தான் சவரிராயனுக்கு அந்த எண்ணம் வந்தது. கறுப்பு ஏன்? கறுப்பையே பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. முசிறி ரோட்டிலும் துறையூர் ரோட்டிலும் லாரி நின்றுபோன மத்தியானங்களில், வேறு நிழல் இல்லாமல் அவர் அதன் அடியிலேயே படுத்திருக்கிறார். கட்டுச்சோறும் அங்கேதான், தூக்கமும் அங்கேதான். கண்ணைத் திறந்தால் மூக்குக்கு நேரே அந்தக் கறுப்புச் சம்ப். எத்தனையோ வருஷமாக அவருக்கு ஆகாயம் என்பதே அதுதான். நிக்கலாக இருந்தால் அண்ணாந்து பார்க்கும்போது ஒரு முகமாவது தெரியும்.

இதை அழகிரியிடம் சொல்ல முடியுமா? நிக்கலில் அழுக்கு ஒட்டாது என்று சொன்னார். கல் பட்டால் முலாம் பெயர்ந்துவிடும், அதுக்கடியில் துரு ஏறிவிடும் என்றான் அழகிரி. பக்கத்தில் லாரி பழுது பார்க்க வந்திருந்த ஒருவர் நடுவில் புகுந்து, அலுமினியப் பெயிண்ட் அடியுங்கள், வெள்ளி மாதிரி இருக்கும், எண்ணெய் ஒழுகினால் கறை உடனே தெரியும் என்றார். அதை இன்னொருவர் மறுத்தார். ஸ்டூல் வந்தது. டீ வந்தது. பொழுது சாயும்வரை ஐந்தாறு பேர் சவரிராயனைச் சுற்றி உட்கார்ந்து சம்பைப் பற்றிப் பேசினார்கள். லூர்துவின் கல்யாணத்துக்குப் பிறகு இத்தனை பேர் அவரோடு பேசியது அன்றுதான்.

முடிவை நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்தார். நாளைக்கும் சொல்லவில்லை. சொன்னால் தீர்ந்துபோகும் அல்லவா?

பிறகு அவர் ஊரெல்லாம் ஆலோசனை கேட்கப் புறப்பட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனார். உத்தர வீதியில் இருந்த ஒரு அய்யங்கார், கோயில் மடைப்பள்ளிக்கு வாழைக்காய் கொடுத்த வகையில் பழக்கம். அவர் விஷயத்தை முழுக்கக் கேட்டார். கண்ணை மூடி யோசித்தார்.

"எம்பெருமானுக்குத்தான் ஓய் திருவடியிலேர்ந்து சாத்துப்படி. உம்ம லாரிக்குமா?"

ஆனால் அவருக்கும் விஷயம் பிடித்துப்போய்விட்டது. கவசம் என்று வந்துவிட்டால் பளபளப்பாக இருப்பதுதான் லட்சணம் என்று நிக்கல் பக்கம் சாய்ந்தார். சவரிராயன் சந்தோஷமாகத் திரும்பினார். காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த நிஜாமுதீன் பாய் அலுமினியக் கட்சி. பாலக்கரை டீக்கடைக்காரருக்கு ஒரு காது மந்தம். நிக்கல் பூச்சு என்றதை நிக்கல் பூச்சி என்று கேட்டுவிட்டு, பூச்சி மருந்துக்கு உரக்கடையில்தான் கேட்க வேண்டும் என்று சொன்னார். சவரிராயன் அதையும் ஒரு கருத்தாக எடுத்துக்கொண்டார்.

கொஞ்ச நாளில் அவர் வருவதைப் பார்த்தாலே ஜனங்கள் தெருவில் எதிர்ப்பக்கம் மாற ஆரம்பித்தார்கள். அய்யங்கார் வாசலில் "சுவாமி ஆராதனத்திலே இருக்கார்" என்ற பதில் வந்தது. எந்நேரமும் ஆராதனம். டீக்கடைக்காரர் மற்றொரு காதும் மந்தமாகிவிட்டதாகச் சைகையில் தெரிவித்தார். பட்டறை ஸ்டூல்களைக் காணோம். அழகிரி மட்டும்தான் பாக்கி. அவனும் ஒருநாள், கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"முடிவு பண்ணிட்டு வாங்கண்ணே. அதுவரைக்கும் பட்டறைப் பக்கம் வர வேண்டாம். எனக்கு வேலை ஓட மாட்டேங்குது."

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் சவரிராயனுக்குச் சைக்கிளில் ஏறி உட்காரக் கால் வரவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தார். காவேரிப் பாலத்தின் நடுவில் நின்று தண்ணீரைப் பார்த்தார். கீழே படித்துறையில் யாரோ யாரையோ கூப்பிட்டுச் சிரித்தார்கள். எதிரில் மலைக்கோட்டை. பாலத்தில் பஸ்ஸும் மாட்டுவண்டியும் ஜனங்களுமாகப் போய்க்கொண்டே இருந்தார்கள். எல்லோருக்கும் போக ஒரு இடம் இருந்தது. அவருக்கும் இருந்தது. ஆனால் அங்கே போனால் டோரதி "வாங்க" என்பாள். அதற்கப்புறம் மிஷின் சத்தம்.

வீட்டுப்படி ஏறினார். டோரதி மிஷினில் இருந்தாள். "வாங்க" என்றாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மிஷின் நின்றது.

"சம்புக்கு என்ன முடிவு பண்ணினீங்க?"

சவரிராயன் திரும்பிப் பார்த்தார். வேறு யாராவது வீட்டில் இருக்கிறார்களா என்று. யாரும் இல்லை. தன்னைத்தான் கேட்கிறாள்.

"நிக்கல் முலாம் போடலாம்னு இருக்கேன்."

"முலாம்பழம் கணக்கா வழுக்கிக்கிட்டுக் கிடக்கும். எதுக்கு? அலுமினியப் பெயிண்ட்தான் நல்லது."

"அலுமினியமா? அது ஒரு மழைக்குத் தாங்காது."

"உங்க நிக்கல் ஒரு கல்லுக்குத் தாங்காது."

"கல்லு படாம ஓட்டுவேன்."

"அதைத்தான் குணசீலத்தில பார்த்தோமே."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நிக்கலைத் துணியால் ஒரு துடை துடைத்தால் போதும் என்றார். லாரிக்கு அடியில் படுத்து யார் துடைப்பது என்றாள். நான்தான் என்றார். வீட்டிலே கண்ணாடி தூசி படிந்து கிடக்கிறதே, அதை ஏன் துடைக்கவில்லை என்றாள். அவர் எழுந்து போய்க் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். சோறு ஆறிப்போனது. சாப்பிடும்போதும் பேசினார்கள். இத்தனை நாளாகத் தெருத்தெருவாக ஆலோசனைக்கு ஆள் தேடி அலைந்தோமே, இவள் வீட்டிலேயே இருந்திருக்கிறாளே என்று சவரிராயனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அன்றிலிருந்து அவர் வெளியே போவதே குறைந்துவிட்டது. காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே ஒரு புது நியாயத்தைத் தயார் செய்துகொள்வார். காப்பி வந்ததும் அதைச் சொல்வார். டோரதி அதைச் சர்வசாதாரணமாக நறுக்கிப் போட்டுவிட்டு யூனிபாரத்துக்குக் காஜா எடுப்பாள். அவர் பித்தான்களை எடுத்துக் கொடுத்தபடியே அடுத்த நியாயம் யோசிப்பார். புதன்கிழமை சகாயமாதா கோயிலுக்கு நவநாள் ஜெபத்துக்குப் போனால், போகும்போது நிக்கல், வரும்போது அலுமினியம். பூசையில்கூட ஒருநாள் அவர் அவள் பக்கம் குனிந்து ஏதோ முணுமுணுக்க, சாமியார் பீடத்திலிருந்து ஒரு பார்வை பார்த்தார்.

ஒரு தடவை நடுப்பகலில் அவருக்கு நிஜாமுதீன் பாயின் ஞாபகம் வந்தது. அலுமினியக் கட்சிக்காரரை மடக்க ஒரு நல்ல கேள்வி கிடைத்திருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் மண்டிக்குப் போனார். பாய் அவரைப் பார்த்ததும் பதறிப்போய் எழுந்து வந்து, தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துப்போய், வாழைத்தார் அடுக்குகளுக்குப் பின்னால் வெளிச்சமே வராத ஒரு மூலையில் உட்கார வைத்தார். டீ வரவழைத்தார். பிறகு பிஸ்கட். வாசலில் ஒரு லாரி வந்து நிற்கும் சத்தமும், தார் இறக்கும் சத்தமும் கேட்டன. சவரிராயன் எட்டிப் பார்க்க எழுந்தார். பாய் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அலுமினியமும் வேணாம் ஒண்ணும் வேணாம் சவரி. நிக்கலே போடுங்க. வூட்டுக்குப் போங்க, அம்மா தேடுவாங்க."

ஒரு கட்சிக்காரர் இத்தனை சுலபமாகக் கட்சி மாறியது சவரிராயனுக்குப் பெரிய வெற்றி. வீடு வரைக்கும் விசில் அடித்துக்கொண்டு வந்து டோரதியிடம் சொன்னார். அவள், பாய் என்ன சொன்னார், நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று வெகு அக்கறையாக விசாரித்தாள். அப்புறம், இனிமேல் வெயிலில் தனியாக அலைய வேண்டாம், பெரிய கடை வீதிக்குப் போய் இரண்டையும் நேரிலேயே பார்த்துவிடுவோம் என்றாள்.

அப்படித்தான் அவர்கள் ஒரு சாயங்காலம் சேர்ந்து கடைவீதிக்குப் போனார்கள். சவரிராயனுக்கு அந்த வீதியில் எந்தக் கடைக்கு எந்த நேரத்தில் சரக்கு இறக்கலாம் என்று தெரியும். மனைவியோடு நடந்தால் எந்தப் பக்கமாக நடக்க வேண்டும் என்று தெரியாது. முதலில் முன்னால் போனார். பிறகு பின்தங்கினார். டோரதி நின்று, அவர் பக்கத்தில் வந்ததும் நடந்தாள். மெயின்கார்டு கேட் அருகே அலுமினியப் பெயிண்ட் அடித்த விளக்குக் கம்பத்தைக் காட்டி, பாருங்க எவ்வளவு அழகு என்றாள். அந்தக் கம்பம் தொட்டியத்துக்குப் போய்த் தார் ஏற்றி வருவதில்லையே என்றார் அவர். அவள் சிரித்துவிட்டாள். டோரதி சிரித்தால் கன்னத்தில் குழி விழும் என்பது அவருக்கு எப்போதோ தெரிந்திருந்து, மறந்துபோன விஷயம்.

பாத்திரக் கடையில் நிக்கல் பூசிய ஒரு பெரிய தட்டை எடுத்துக் காட்டினார் கடைக்காரர். டோரதி அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவரும் குனிந்து பார்த்தார். தட்டில் இருவர் முகமும் பக்கத்தில் பக்கத்தில், கொஞ்சம் கோணலாகத் தெரிந்தன.

"நெசமாச் சொல்லுங்க. எதுக்கு உங்களுக்கு நிக்கல்?"

நிக்கலில் அழுக்கு ஒட்டாது என்று சொல்லத்தான் அவருக்கு வாய் வந்தது. அதை அவள் ஏற்கெனவே உடைத்துப் போட்டாகிவிட்டது.

"அடியில படுத்திருக்கும்போது, அண்ணாந்து பார்த்தா ஒரு முகமாவது தெரியும்ல" என்றார்.

டோரதி தட்டைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அலுமினியம் பற்றி அன்று மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது வெளியே பார்த்தபடி வந்தாள். சவரிராயனுக்குச் சங்கடமாகிவிட்டது. சின்னப்பிள்ளை மாதிரி ஏதோ உளறிவிட்டோம் என்று நினைத்தார். பேச்சு மறுபடி நின்றுபோய்விடுமோ என்று பயம் வந்தது.

அந்தப் பயம்தான் அவரை அந்தப் பெரிய தியாகத்துக்குத் தயார் செய்தது. மறுநாள் காலையில் விழித்தபோது தீர்மானம் தயாராக இருந்தது. விட்டுக்கொடுத்துவிடுவது. நிக்கல் வேண்டாம். டோரதி சொன்னதுபோல் அலுமினியப் பெயிண்டே அடித்துவிடுவது. இத்தனை வருஷத்தில் அவளுக்கென்று அவர் எதையும் பெரிதாகச் செய்ததில்லை. சேலை எடுத்தால்கூட அவள் கேட்ட நிறம் கிடைக்கவில்லை என்று வேறு நிறத்தில் எடுத்து வந்தவர். இந்த ஒரு சம்பாவது அவள் கேட்ட நிறத்தில் இருக்கட்டும். லாரியின் அடியில் படுத்து அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம், இது டோரதி சொன்ன பெயிண்ட் என்று நினைத்துக்கொள்ளலாம்.  மாட்டி முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று, டோரதியிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் பஸ் ஏறினார்.

பட்டறையில் அவருடைய லாரி இல்லை.

அது நின்றிருந்த இடத்தில், தரையில் பழைய எண்ணெய்க் கறை ஒன்றுதான் இருந்தது. அழகிரி வேறொரு லாரியின் அடியிலிருந்து தலையை நீட்டினான். அவரைப் பார்த்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். சவரிராயன் குனிந்து உட்கார்ந்து, லாரி எங்கே என்று கேட்டார். அடியிலிருந்து மெதுவாகப் பதில் வந்தது.

"தொட்டியம் போயிருக்குண்ணே."

"யாரு ஓட்டிக்கிட்டுப் போனது?"

"மதுரைவீரன்."

மதுரைவீரன் யார் என்று அவருக்குத் தெரியும். நல்ல டிரைவர். வேலையில்லாமல் இருந்தான். ஆனால் சம்ப் இல்லாத லாரியை மதுரைவீரன் என்ன, யார் நினைத்தாலும் ஓட்ட முடியாதே? அழகிரி முழுவதுமாக வெளியே வந்தான். கையைத் துடைத்துக்கொண்டு, வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னான். அண்ணன் வீட்டு அம்மா ஒருநாள் பஸ் ஏறித் தனியாக வந்தார்களாம். எந்தப் பெயிண்ட் ரொம்ப நாள் உழைக்கும் என்று கேட்டார்களாம். கறுப்பு என்று சொன்னதும், சரி, அதையே அடித்து மாட்டுங்கள், தார் மரத்திலேயே பழுத்துப் போகாமல் ஆளைப் போட்டு ஓட்டுங்கள் என்றார்களாம். அண்ணன் இங்கே வந்தால், முடிவு செய்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பச் சொன்னார்களாம்.

"எப்ப அடிச்சே?"

"நீங்க அன்னைக்கு சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் பாலத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள முதல் பூச்சு அடிச்சாச்சுண்ணே."

சவரிராயன் ரோட்டுக்கு வந்தார். பஸ்ஸுக்கு நின்றார். பஸ்ஸுக்கு முன்னால் அவருடைய லாரிதான் வந்தது. பின்னால் கூரை உயரத்துக்கு வாழைத்தார். மதுரைவீரன் அவரைக் கண்டதும் ஓரங்கட்டி நிறுத்தி, இறங்கி, கைகட்டி நின்றான். சவரிராயன் அவனைப் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, திருவானைக்கோவில் ரோட்டில் அத்தனை பேர் பார்க்க, மல்லாந்து படுத்து லாரிக்கு அடியில் நகர்ந்தார். சம்ப் இருந்தது. கறுப்பாக, சேறு அப்பிக்கொண்டு, ஒரு சொட்டுகூட ஒழுகாமல், தன் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்தது. யாருடைய நிக்கலும் யாருடைய அலுமினியமும் அதற்குத் தேவைப்படவில்லை. அவரும் தேவைப்படவில்லை. லாரி அவர் இல்லாமலே தொட்டியம் போய் வந்திருக்கிறது. மண்டியில் வாசலில் கேட்ட சத்தம்கூடத் தன் லாரியின் சத்தம்தான். வாழ்நாள் முழுக்க கூடவே இருந்த அந்தச் சத்தத்தை, பிஸ்கட் தின்றுகொண்டு கோட்டை விட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் அப்படியே படுத்துக் கிடந்தார். எழுந்திருப்பதற்கு அவசரமான காரணம் எதுவும் அவருக்குத் தோன்றவில்லை. கடைசியில், பஸ் வருவதாக மதுரைவீரன்தான் பயந்து பயந்து குனிந்து சொன்னான்.

வீட்டுக்கு வந்தபோது முதுகெல்லாம் தார்ச்சாலை ஒட்டியிருந்தது. பெயிண்ட் வாசனை அடித்தது. பட்டறையிலிருந்து தன்னோடு வந்ததாக நினைத்துக்கொண்டார். டோரதி மிஷினில் இருந்தாள்.

"லாரி ஓடுது" என்றார்.

"ஆமா" என்றாள்.

"கறுப்பு அடிச்சிருக்கு."

"கறுப்புத்தான் உழைக்கும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபமாகப் பேச வேண்டும் என்று பஸ்ஸில் ஒரு பிரசங்கமே தயாரித்திருந்தார். அதில் ஒரு வாக்கியம்கூட வரவில்லை. வேறொன்றுதான் வந்தது.

"அப்ப, இத்தனை நாளா நீ அலுமினியம், அலுமினியம்னு சண்டை போட்டது?"

டோரதி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நீங்க நிக்கல்னு சொன்னீங்க. நானும் ஏதாவது ஒண்ணு சொல்லணும்ல."

சொல்லிவிட்டு, துணியைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். "முகம் பார்க்கறதுக்கு எதுக்கு லாரிக்கு அடியில போய்ப் படுக்கணும்? இங்க ஒண்ணு இருக்குல்ல."

சவரிராயன் பார்த்தார். அவள் நிமிரவில்லை. மிஷினும் ஓடவில்லை. இனி என்ன? சம்ப் முடிந்துவிட்டது. லாரிக்கு ஆள் இருக்கிறான். நாளைக்குக் காலையில் காப்பி வரும்போது எதைப் பற்றிப் பேசுவது? அந்த வீட்டின் பழைய மௌனம் மூலையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார இடம் பார்ப்பதுபோல் அவருக்குத் தோன்றியது.

"கதவுக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கணும்" என்றாள் டோரதி. "வாசக்கதவு, பின்கதவு எல்லாம் வெளுத்துப் போச்சு. பச்சை அடிக்கலாம்னு பார்க்கிறேன்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உடம்பில் எங்கேயோ ஒரு என்ஜின் பிடித்துக்கொண்டது.

"பச்சையா? நீலம்தான் நல்லாருக்கும்."

"நீலம் வெயிலுக்கு வெளுத்துடும்."

"பச்சை மழைக்கு ஊறிப்போயிடும்."

நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். நீலம் மாதாவின் நிறம் என்றார். அடுத்த தெருவில் பச்சைக் கதவு வைத்த வீட்டுக்காரன் பட்ட கஷ்டங்களைச் சொன்னார். தூரத்திலிருந்து வரும்போதே நீலக் கதவு எடுப்பாகத் தெரியும் என்றார். டோரதி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். சிலவற்றுக்குப் பதில் சொல்ல முடியாமல் திணறினாள். வெகு காலத்துக்குப் பிறகு தான் ஜெயித்துக்கொண்டிருப்பதாக சவரிராயனுக்குத் தோன்றியது. இந்தத் தடவை ஏமாறப்போவதில்லை. இது தன் வீட்டுக் கதவு. தன் கண்ணெதிரே இருக்கும் கதவு. இதைத் தூக்கிக்கொண்டு எந்த மதுரைவீரனும் தொட்டியம் போய்விட முடியாது.

"நீங்க சொல்றதும் நியாயமாத்தான் இருக்கு" என்றாள் டோரதி கடைசியில். "எதுக்கும் பின்கதவைக் கொஞ்சம் தொட்டுப் பார்த்துட்டு வந்து பேசுங்க."

சவரிராயன் வெற்றி வீரனாக எழுந்து பின்கட்டுக்குப் போய்க் கதவைத் தொட்டார். விரல் பச்சையாக வந்தது.